எம்.சி. ரோட்டுக் கடையின் நேவி ப்ளூ டெயில்விண்டில் ஏன் வயலட் ஆகிறது?

கேள்வி சுருக்கமாக: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள ஒரு துணிக்கடைக்குத் தம்பி ஒருவர் டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் (இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) கருவியில் இணையதளம் செய்கிறார். கடையின் விசிட்டிங் கார்டில் மூன்று நிறங்கள் (அடைப்பில் ஆர்ஜிபி எண்கள், அதாவது சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை): மயில்கழுத்து (0, 95, 106), மாம்பழ மஞ்சள் (255, 176, 0), நேவி ப்ளூ (0, 0, 128). பழைய தளத்தின் சிஎஸ்எஸ்ஸில் இன்னும் ஏகப்பட்ட நிறங்கள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் டெயில்விண்டின் தயார் நிறப் பட்டியலான பேலட்டில் மிக நெருங்கிய நிறத்துக்கு மாற்ற வேண்டும். ஆர்ஜிபி தூரம் கணக்கிட்டால் நேவி ப்ளூவுக்கு வயலட்-950 என்று வருகிறது. நிரலில் என்ன தவறு என்று கேட்கிறார்.

நிரலில் தவறே இல்லை தம்பி. கையால் போட்டுப் பார்த்தாலும் அதுதான் வரும். டெயில்விண்ட் 3-ஆம் பதிப்பின் எண்களை எடுத்துக்கொள்வோம். வயலட்-950 (பெயர் நிறக் குடும்பம், எண் ஷேடு: 50 மிக வெளிர், 950 மிக அடர்) என்பது (46, 16, 101). உங்கள் நேவி ப்ளூவிலிருந்து மூன்று எண்களின் வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 55.7. ப்ளூ-950, அதாவது (23, 37, 84), 61.9 தூரத்தில் இருக்கிறது. ப்ளூ-900, அதாவது (30, 58, 138), 66-இல். ஆக வயலட்தான் ஜெயிக்கிறது. கடைக்காரர் அதைப் பார்த்தால் "இது யார் கடை?" என்றுதான் கேட்பார்.

முதலில் ஆர்ஜிபி தூரத்தை மறந்துவிடுங்கள். அது திரைக்கு எவ்வளவு சிவப்பு, பச்சை, நீல ஒளி கொடுக்க வேண்டும் என்று சொல்லும் எண். கண்ணுக்கு எவ்வளவு வித்தியாசமாகத் தெரியும் என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722 என்று எடை போடுகிறார்கள். அப்படியிருக்க மூன்றையும் சமமாக வைத்துத் தூரம் அளந்தால் எப்படி நியாயமாக இருக்கும்? இது புதிய சங்கதியும் அல்ல. எந்த நிறத்தில் எவ்வளவு மாறினால் கண் கண்டுபிடிக்கிறது என்று மேக்ஆடம் என்ற விஞ்ஞானி 1942-இலேயே அளந்து காட்டிவிட்டார். அதை எண்ணாக்கும் முயற்சியில் 1976-இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளி ஆணையத்தின் லேப் நிற முறை வந்தது. அச்சுத்துறையும் சாயத்துறையும் இன்றும் அதன் வழிவந்த டெல்டா-ஈ (இரண்டு நிறங்களுக்கு இடையிலான வித்தியாச எண்) கணக்கில்தான் பேசுகின்றன. ஆனால் லேப்பில் ஒரு பழைய வியாதி உண்டு: நீலத்தின் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே போனால் அது ஊதாப் பக்கம் சாயும். அதைச் சரிசெய்து பியோர்ன் ஒட்டோசன் 2020 டிசம்பரில் வெளியிட்டதுதான் ஓகேலேப். அதையே லைட்னஸ், குரோமா, ஹியூ என்று பிரித்து எழுதினால் ஓகேஎல்சிஎச்: எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு அடர்த்தி, எந்தச் சாயல். 2025 ஜனவரியில் வந்த டெயில்விண்ட் 4 தன் பேலட்டையே இந்த முறையில்தான் எழுதியிருக்கிறது. அதனால் உங்கள் கணக்கையும் அதே மொழியில் போடுவது வசதி.

என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்டால், உங்கள் மாம்பழ மஞ்சளையே எடுங்கள். ஆர்ஜிபி தூரப்படி ஆம்பர்-500 23 தூரத்திலும் ஆம்பர்-400 39 தூரத்திலும் இருக்கின்றன. யோசிக்காமல் 500-ஐ எடுத்துவிடுவீர்கள். 4-ஆம் பதிப்பின் எண்களை வைத்து ஓகேலேப்பில் அளந்தால் தலைகீழ்: ஆம்பர்-400 சுமார் 0.035 தூரம், ஆம்பர்-500 சுமார் 0.05. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஓகேலேப் சொல்வதுதான் சரி என்று கண்ணே சொல்லும். 500 கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் போய் இருட்டிவிட்டது. இந்த அளவுகோலில் 0.02 என்பதைக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் எல்லை என்று சிஎஸ்எஸ் நிறத் தரநிலையே எடுத்துக்கொள்கிறது. அதற்குக் கீழே இருந்தால் இரண்டையும் ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். 0.035 என்றால் பக்கத்தில் வைத்தால் தெரியும், தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது.

"சரி, ஓகேலேப்புக்கு மாறிவிட்டேன், வேலை முடிந்தது" என்று எழுந்துவிடாதீர்கள். நேவி ப்ளூவை அதிலும் போட்டுப் பாருங்கள். வயலட்-950 சுமார் 0.09, ப்ளூ-950 சுமார் 0.10. மறுபடியும் வயலட்டே முதலிடம்! இணையத்தில் கிடைக்கும் 'நெருங்கிய டெயில்விண்ட் நிறம்' கருவிகள் பலவற்றில் இந்த இடத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். காரணம் இதுதான்: உங்கள் நேவி ப்ளூவின் வெளிச்சம் 27%, குரோமா 0.19. அவ்வளவு இருட்டில் அவ்வளவு அடர்த்தியான நீலம் டெயில்விண்டில் கிடையாது. ப்ளூ-950-இன் குரோமா 0.09-தான், ஏறக்குறைய பாதி. வயலட்-950-க்கு 0.14. அடர்த்தியில் வயலட் கிட்டே வந்துவிடுவதால், சாயலில் 27 டிகிரி தள்ளியிருந்தும் மொத்தக் கூட்டலில் முந்திவிடுகிறது. வெளிச்சம், அடர்த்தி, சாயல் மூன்றும் ஒரே எண்ணுக்குள் கரைந்துபோனால் இப்படித்தான் ஆகும்.

மேட்சிங் பிளவுஸ் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். புடவையைக் கவுன்ட்டரில் போட்டதும் கடையில் உள்ள எல்லா பிட்டையும் அவர் அளந்துகொண்டிருப்பதில்லை. பச்சை என்றால் பச்சை அடுக்கை மட்டும் இறக்குவார். அதற்குள்தான் கூட, குறைச்சல் என்று தேடுவார். சந்தேகம் வந்தால் புடவையையும் பிட்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு, வெயிலுக்குப் போவார். உங்கள் நிரலுக்கும் இந்த வரிசைதான் வேண்டும்: முதலில் சாயல், அடுத்து வெளிச்சம், கடைசியில் அடர்த்தி.

நான் சாயலுக்கு 15 டிகிரி என்று வரம்பு வைத்திருக்கிறேன். இது சாஸ்திரம் இல்லை, என் பழக்கம். நேவி ப்ளூவின் சாயல் 264. அந்த வரம்புக்குள் ப்ளூ-950 (268), ப்ளூ-900 (265 சொச்சம்) நிற்கும். இண்டிகோ-950 கூட 281-இல் இருப்பதால் வெளியே போய்விடும், வயலட் பற்றிப் பேச்சே இல்லை. மிச்சம் இருப்பதில் ஓகேலேப் தூரம் பார்த்தால் ப்ளூ-950 வரும். அதுதான் சரியான விடை, அதாவது பேலட்டுக்குள்ளேயே எடுத்தாக வேண்டும் என்றால்.

இதில் ஒரு கண்ணி உண்டு. சாயலை ஒப்பிடும்போது அந்தக் குடும்பத்தின் 500-ஆம் எண்ணின் சாயலை எடுக்காதீர்கள், எந்த ஷேடோடு ஒப்பிடுகிறீர்களோ அதன் சாயலையே எடுங்கள். டெயில்விண்ட் குடும்பங்கள் நேர்கோட்டில் போவதில்லை. யெல்லோ-50-இன் சாயல் 102, யெல்லோ-900-க்கு வந்தால் 58. மஞ்சளை அதே சாயலில் இருட்டாக்கினால் பாசி படிந்த மாதிரி ஆகிவிடும், அதனால் வேண்டுமென்றே பழுப்புப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அதேபோல் 500 என்றால் எல்லாக் குடும்பத்திலும் ஒரே வெளிச்சம் என்றும் நினைக்காதீர்கள். யெல்லோ-500 79.5%, ப்ளூ-500 62.3%. பழைய தளத்தில் நடுத்தரமாகத் தெரிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு 500 போட்டால் ஒரு பொத்தான் பளிச்சென்றும் இன்னொன்று மந்தமாகவும் நிற்கும்.

இப்போது மயில்கழுத்து. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், கடைக்கும் இதுதான் அடையாளம் என்று நினைக்கிறேன். ஆர்ஜிபியில் சயான்-800 23.7 தூரம், டீல்-800 24.1. ஓகேலேப்பில் 0.025, 0.028. இரண்டு கணக்கிலும் கிட்டத்தட்ட சமம். சாயலைப் பாருங்கள்: உங்களுடையது 208, டீல்-800 188, சயான்-800 224. நட்டநடுவில் நிற்கிறது. என் 15 டிகிரி வரம்பில் இரண்டுமே தேறாது. தேறாது என்பதும் ஒரு விடைதான், நிரல் அதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். டீல் போட்டால் பச்சை ஏறி மருந்துக்கடை மாதிரி ஆகும். சயான் போட்டால் நீலம் ஏறி டிராவல்ஸ் ஆபீஸ் ஆகும். கல்யாணப் புடவை எடுக்கப் பொன்னேரி, கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் கடைப் பையிலும் போர்டிலும் பார்த்துப் பழகிய நிறம் அது. இணையதளத்தில் மட்டும் வேறு நிறம் இருந்தால் போலித் தளமோ என்று சந்தேகப்படுவார்கள்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: கடையின் சொந்த நிறங்களை டெயில்விண்டுக்கு வளைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் வளையுங்கள். டெயில்விண்ட் 4 வந்தபோது இருந்த பேலட்டில் 22 குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் 11 ஷேடு, மொத்தம் 242 நிறங்கள். அத்தனை இருந்தும் அவற்றில் ஒன்றுகூட உங்கள் ஓனரைக் கேட்டு வைத்ததல்ல. சொந்த நிறம் சேர்ப்பதும் பெரிய வேலை இல்லை. 4-ஆம் பதிப்பில் சிஎஸ்எஸ் கோப்பிலேயே @தீம் பகுதிக்குள் ஒரு வரி எழுதினால் போதும், அந்தப் பெயரில் பின்னணி, எழுத்து, பார்டர் வகுப்புகள் எல்லாம் தானாக வந்துவிடும். 3-ஆம் பதிப்பென்றால் கான்ஃபிக் கோப்பில் 'எக்ஸ்டெண்ட்' பகுதிக்குள் போடுங்கள், வெளியே போட்டால் டெயில்விண்டின் நிறங்கள் அத்தனையும் காணாமல் போகும். சதுர அடைப்புக்குள் ஹெக்ஸை (# போட்ட நிற எண்ணை) நேராக எழுதும் குறுக்குவழியும் இருக்கிறது. அதை ஒரே ஓர் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எழுதினால் பழைய தளத்தின் குப்பைதான் புதிய வடிவில் திரும்பி வரும்.

ஒரே ஒரு மயில்கழுத்து போதாது, வெளிர், அடர் ஷேடுகளும் வேண்டும். அதற்கு டெயில்விண்டையே அளவுகோலாக்குங்கள். உங்கள் நிறத்தின் வெளிச்சம் 44.4%. டீல்-800 43.7%, சயான்-800 45%. ஆகவே உங்கள் நிறம் 800-ஆம் இடத்தில் அப்படியே உட்காரும், அதை 500 என்று பெயரிட்டு மேலும் கீழும் இழுக்க வேண்டாம். மற்ற இடங்களுக்கு அந்த இரண்டு குடும்பங்களின் வெளிச்ச எண்களின் சராசரியை எடுத்துக்கொண்டு, சாயலை 208-இல் நிறுத்துங்கள். குரோமாவை மட்டும் சராசரியாக எடுக்காதீர்கள். உங்கள் நிறத்தில் சிவப்பு 0. அப்படியென்றால் சாதாரணத் திரை அந்தச் சாயலில் அந்த வெளிச்சத்தில் தரக்கூடிய அடர்த்தியின் விளிம்பிலேயே நிற்கிறது. டெயில்விண்ட் 4-இன் சில எண்கள் பி3 எனும் கூடுதல் நிறம் காட்டும் திரைகளுக்காக அந்த விளிம்பைத் தாண்டி எழுதப்பட்டவை. நகலெடுத்தால் பழைய மானிட்டரில் அது வெட்டுப்பட்டு வேறாகத் தெரியும். 500-க்கு 0.12, 600-க்கு 0.10, 700-க்கு 0.088, 900-க்கு 0.065, 950-க்கு 0.045 என்று வைத்துத் தொடங்குங்கள். 50-க்கு 0.015 போதும், வெள்ளையில் லேசாகச் சாயம் தெரிந்தால் சரி. பிறகு கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

மாம்பழ மஞ்சளுக்கு முழு வரிசை தேவைப்படாது. அசல் நிறம் ஒன்று, துணைக்கு ஆம்பர் குடும்பத்தின் வெளிர் ஷேடுகள் இரண்டு. நேவி ப்ளூ லோகோவில் அப்படியே இருக்கட்டும். எழுத்துக்கு மட்டும் ப்ளூ-950 எடுத்துக்கொள்ளுங்கள், சிறிய எழுத்தில் அந்த அடர்த்தி வித்தியாசத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மஞ்சள் என்றதும் ஞாபகம் வந்தது, 'வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்ய' என்ற பொத்தானை மாம்பழ மஞ்சளில் வெள்ளை எழுத்தோடு போட்டுத் தரச் சொல்வார்கள். போடாதீர்கள். கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்குமான வெளிச்ச விகிதம், 1.8-தான் வரும். சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி கேட்பது 4.5, பெரிய எழுத்துக்கு 3. அதே மஞ்சளில் நேவி ப்ளூ எழுத்து வைத்தால் 8.7. மயில்கழுத்தில் வெள்ளை எழுத்து 7.4. கடையின் மூன்று நிறங்களும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகத்தான் இருக்கின்றன, கார்டை வடிவமைத்தவருக்குக் கண் உண்டு.

அடுத்தது பழைய தளத்தின் நிறக்குவியல். இங்கேதான் தாராளமாகப் பேலட்டுக்கு மாற்ற வேண்டும். சிஎஸ்எஸ்ஸிலிருந்து எல்லா நிறங்களையும் வெளியே எடுத்து ஓகேஎல்சிஎச்சுக்கு மாற்றுங்கள். லியா வெரூவும் கிறிஸ் லில்லியும் எழுதிய கலர்.ஜேஎஸ் என்ற நிரல்தொகுப்பு இதற்கு நன்றாக உதவும். ஒன்றிரண்டைச் சரிபார்க்க மட்டும் என்றால் குரோம் டெவ்டூல்ஸில் நிறக்கட்டத்தை ஷிப்ட் அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் மாற்றிக் காட்டும். முதலில் தங்களுக்குள்ளேயே 0.02-க்குக் குறைவான தூரத்தில் உள்ளவற்றை ஒன்றாக்குங்கள். அதிலேயே பட்டியல் பாதியாகிவிட வாய்ப்பு உண்டு. பல பேர் கை வைத்த தளத்தில் ஆளுக்கொரு சாம்பல் இருக்கும்.

சாம்பல் விஷயத்தில் நான் சொன்ன சாயல் வரம்பைப் பயன்படுத்தவே கூடாது. குரோமா 0.03-க்குக் கீழே போனால் சாயல் எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். குரோமா பூஜ்யத்தை நெருங்கிவிட்டால் ஹெக்ஸில் ஒரு எண் மாறினாலே சாயல் நூறு டிகிரிகூடக் குதிக்கலாம். டெயில்விண்ட் 4 வந்தபோது சாம்பலுக்கென்றே இருந்தவை ஐந்து குடும்பங்கள்: ஸ்லேட், கிரே, ஜிங்க், நியூட்ரல், ஸ்டோன். 500-ஆம் ஷேடில் ஐந்துமே 55% வெளிச்சத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. ஸ்லேட் நீலம் கலந்தது, ஸ்டோன் லேசாகப் பழுப்பு, நியூட்ரலில் எதுவும் கிடையாது. நெருங்கிய நிறம் தேட விட்டால் நிரல் ஒரு சாம்பலை ஜிங்குக்கும் அடுத்ததை கிரேக்கும் தள்ளும், பக்கம் முழுக்க அழுக்குத் துணி காயப்போட்ட மாதிரி தெரியும். ஒரே குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லாச் சாம்பலையும் வெளிச்சத்தை மட்டும் பார்த்து அதற்குள் அடையுங்கள். உங்கள் தளத்துக்கு நான் ஸ்டோன்தான் சொல்வேன். பட்டுப் புடவைப் படங்களுக்கு அருகில் ஸ்லேட் வைத்தால் ஜரிகை செத்துப்போகிறது.

பிழைச் செய்திக்குச் சிவப்பு, வெற்றிக்குப் பச்சை இதெல்லாம் டெயில்விண்டில் உள்ளபடியே எடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை.

எண்கள் எங்கிருந்து வந்தன என்று நீங்கள் எழுதவில்லை. போர்டை இரவில் போனில் படம் பிடித்து ஐட்ராப்பரால் எடுத்திருந்தால் இதுவரை சொன்ன கணக்கெல்லாம் வீண். எல்இடி வெளிச்சம், போனின் ஒயிட் பேலன்ஸ், வெயிலில் வெளுத்த ஃப்ளெக்ஸ் மூன்றும் சேர்ந்து சாயலை எங்கோ கொண்டுபோய்விடும். கார்டு அடித்த பிரஸ்ஸில் கோரல் டிரா கோப்பைக் கேளுங்கள். அதில் நிறம் சிஎம்ஒய்கேயில் (அச்சு மைகளின் கணக்கில்) இருக்கும். அதை ஆர்ஜிபிக்கு மாற்றும்போது ப்ரொஃபைலுக்கு ஏற்ப எண் மாறும், குறிப்பாக நீலம். நேவி ப்ளூவில் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 128 என்று அவ்வளவு முழு எண்ணாக இருப்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. அது மையிலிருந்து வந்த நிறம் மாதிரித் தெரியவில்லை, யாரோ மென்பொருளில் 'நேவி' என்று தேர்ந்தெடுத்த நிறம். அசல் கார்டைப் பகல் வெளிச்சத்தில் திரைக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். கார்டில் உள்ளது கொஞ்சம் மங்கலாக இருந்தால், குரோமா குறையும், அப்போது ப்ளூ-950 ஒருவேளை உண்மையிலேயே நெருங்கிய நிறமாகிவிடும், தனி நிறம் சேர்க்கும் வேலையும் மிச்சம்.

கடைசியாகச் சோதிக்கும்போது உங்கள் லேப்டாப்பை நம்பாதீர்கள். கடையில் வேலை செய்பவர்களின் போன்களில் திறந்து காட்டுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் திரை 'விவிட்' முறையில் இருக்கும், மயில்கழுத்து அதில் பச்சைப் பக்கம் தூக்கலாகத் தெரியலாம். மதிய வெயிலில் தெருவில் நின்று ஒருமுறை பாருங்கள். வெளிர் ஆம்பர் பின்னணியும் வெள்ளையும் அங்கே ஒன்றாகிவிட்டால், கட்டங்களுக்கு ஒரு மெல்லிய பார்டர் தேவைப்படும், ஸ்டோன்-300 போதும். தள்ளுபடிப் பட்டைக்குச் சிவப்பும் கறுப்பும் ஜோடியாக வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவைக்கிறேன். நம்ம ஏரியாவில் அந்த ஜோடிக்கு வேறு அர்த்தம், தேர்தல் நேரமென்றால் ஓனருக்கு நாலு பேரிடம் விளக்கம் சொல்லும் வேலை வரும்.